பிள்ளையார் பாட்டுக்கு அடியில்

மே 11, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் வந்து தோப்பும்படிப் பக்கம் போய்விட்டது.

கடையில் டைப் வேலை: கல்யாணப் பத்திரிகை இரண்டு, மீன் கம்பெனி லேபிள் ஒன்று. மாலையில் சி.டி. டிஸ்கிலிருந்து முத்தையா தாத்தா தாளைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். மகள் கவிதாவின் நர்சிங் சேர்க்கைக்கு ஜாதி சர்ட்டிபிகேட். வெள்ளி கடைசி நாள். 1950-க்கு முன்பே இந்தக் குடும்பம் கொச்சியில் இருந்தது என்று காட்டினால்தான் தருவார்கள். அதற்கு ஒரே சாட்சி, என் வீட்டுக்காரருடைய தாத்தா நகரசபையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த தாள். அசல், கடல் ஏறி வீட்டுக்குள் தண்ணீர் வந்த வருடம் கூழாகிவிட்டது. நல்லவேளை, அதற்கு முன்பே ஸ்கேன் செய்து டிஸ்கில் போட்டிருந்தேன்.

மாலை. பீரோவில் டிஸ்க் இல்லை.

இவரிடம் கேட்டேன். சாயாவை ஆற்றிக்கொண்டே பதில்.

"கோயில் திருவிழாவுக்குப் பாட்டு வேணும்னாங்க. மைக்செட் சஜிகிட்ட குடுத்தேன், அவன் பழசை அழிச்சுட்டுப் பாட்டு ஏத்தித் தந்தான். திரும்பத் திரும்ப எழுதுற டிஸ்குன்னு நீதானே சொன்ன?"

"மேல பேனாவால எழுதியிருந்துச்சே, பாக்கலையா?"

"அது தமிழ்ல இருந்துச்சு! எனக்கெங்க தமிழ் வாசிக்கத் தெரியும்? சஜிக்கும் தெரியாது. என்ன எழுதியிருந்த?"

சொன்னால் கையில் இருந்த கரண்டி பறந்திருக்கும்.

மே 12, செவ்வாய்

கஞ்சியும் பயறும் மட்டும் வைத்தேன். வேண்டுமென்றால் குடிக்கட்டும்.

தென்காசியிலிருந்து வந்து பத்தொன்பது வருடம். இவர் படித்தது மலையாளம். கவிதாவும். இந்த வீட்டில் தமிழ் பேச மூன்று பேர், வாசிக்க நான் ஒருத்தி. மசாலா டப்பா, பலசரக்குப் பட்டியல், இந்த நோட்டு, எல்லாம் தமிழில். என் விஷயத்தில் யாரும் மூக்கை நுழைக்க முடியாது என்று உள்ளூர ஒரு திமிர்.

என்மேலும் எரிச்சல். போன மாதம் வைரஸ் என்று முதலாளி கடைக் கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்தார். கடை பைல்களை அன்றே திரும்ப ஏற்றினேன். வீட்டு பைல்களை ஏற்றவில்லை. டிஸ்கில்தான் இருக்கிறதே! ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு அதற்கு பேக்கப் என்று பெயர். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள்.

மே 13, புதன்

அரை நாள் லீவு. இவரிடமிருந்து டிஸ்கை வாங்கிக்கொண்டு தோப்பும்படி ரிப்பேர் கடைக்கு. வெயில், பஸ்ஸில் மீன் கூடை, தலைவலி.

கடைக்காரர் நல்ல மனுஷர். "சேச்சி, பாட்டு எழுதின அளவுக்குத்தான் போச்சு. அதுக்குப் பின்னாடி உள்ளது கிட்டும்."

இரண்டு மணி நேரம் ஸ்டூலில். கிட்டியவை: கவிதா ஏழாம் வகுப்பு ஆண்டுவிழாப் படம். சமையல் கேஸ் புத்தகம். யாருடையதோ வளைகாப்புப் பத்திரிகை. நான் டைப் செய்து வைத்த மீன் ஊறுகாய்க் குறிப்பு. இவருடைய வாக்காளர் அட்டை, இரண்டு தடவை.

தாத்தா இல்லை.

"முதல்ல எழுதினது எதுவோ அதுதான் போயிருக்கும்," என்றார். "முதல் பாட்டு அது மேலதானே விழும்."

முக்கியமானதை முதலில் வைப்பது என் வழக்கம். பிள்ளையார் பாட்டை முதலில் வைப்பது கோயில் வழக்கம். இரண்டும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன. வளைகாப்பு பிழைத்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர்: "டிஸ்க் எங்க? வெள்ளிக்கிழமை திருவிழாவுக்கு வேணும்." முகத்துக்கு நேரே எறிந்தேன். பட்டிருக்கலாம்.

மே 14, வியாழன்

வில்லேஜ் ஆபீஸ். அங்கிருந்த மேடம் பொறுமையாகத்தான் கேட்டார். "வேற பழைய ரேகை, ரெக்கார்டு எதாவது உண்டா? ஸ்கூல் ரிஜிஸ்டர், ஆதாரம்?" தாத்தா பள்ளிக்கூடம் போகவில்லை. ஆதாரம் என்றால் இங்கே நிலப் பத்திரம்; எழுத நிலம் இல்லை. ஊரைக் கூட்டினவருக்கு ஊரில் ஒரு வரி இல்லை.

இவர் சொல்லாமல் லீவு போட்டு ஆலுவாவில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறார். பரண் முழுக்கத் தேடினாராம். ஒரு போட்டோ கொண்டுவந்தார். தாத்தா, கையில் துடைப்பம், தலையில் முண்டாசு. பின்னால் திருப்பிப் பார்த்தேன். தேதி இல்லை, முத்திரை இல்லை. படியில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மே 15, வெள்ளி

கவிதா பொதுப் பிரிவில் விண்ணப்பம் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. பொதுவில் அவள் மார்க்குக்கு சீட் கிடைக்காது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பத்து மணிக்கு மைக்செட். தெரு முழுக்கப் பிள்ளையார் பாட்டு. அடுப்பை அணைத்துவிட்டு நடந்தேன். சஜியின் மேசைக்குப் போய், பாட்டு ஓடும்போதே பட்டனை அமுக்கி டிஸ்கை எடுத்தேன். தெருவே நிசப்தம்.

"சேச்சி, இது என்ன பணி செய்யறீங்க?" சஜி கத்தினான்.

பின்னாலேயே ஓடிவந்த கவிதா என் கையிலிருந்து டிஸ்கை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். இவரும் பக்கத்தில் வந்து நின்றார், இன்னும் என்ன எறிவேனோ என்ற பயத்தோடு.

"அம்மா, இதுல என்ன எழுதியிருக்கு?"

வாசித்துக் காட்டினேன்.

"அழிக்காதே."