புகாராக்காரர் துணிக்குள் உன் கை

மச்சான், இன்று காலை மழையில் நனைந்த கம்பளி வாடை மூக்கில் ஏறியது. ரங்கூன் லான்மடாவ் தெரு முனையில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாடை எங்கே அடித்தாலும் என்னைப் புகாராக்காரர்கள் கடை வரிசைக்கு, உன் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

மலை தாண்டிப் புகாராவிலிருந்து வந்த, ஆட்டுத்தோல் குல்லாய் வைத்த வியாபாரிகளும், தரையெல்லாம் விரித்த கம்பளங்களும், குவித்துவைத்த உலர்ந்த பழங்களுமாக, ரங்கூனுக்குள் வேறொரு தேசம் அது. நாம் அங்கே போனதற்கு மறுநாள் உனக்குக் கப்பல். நீ இங்கே வந்தபின் ஊரில் பிறந்த மகளை முதல்முதலாகப் பார்க்கப் போகிறாய். அவளைப் போர்த்தித் தூக்க ஒரு சால்வை வேண்டும் என்றாய். போன தடவை சுரம் என்று துறைமுக டாக்டர் உன்னைக் கப்பல் ஏறும் வரிசையிலிருந்து வெளியே இழுத்துவிட்டார். "இந்தத் தடவை ஏறிடணும்டா" என்பதைத் தவிர உன் வாயில் வேறு பேச்சில்லை.

அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. கையின் மேல் துணியைப் போட்டு மூடி, உள்ளே விரலை அழுத்தித்தான் பேரம். கடைக்காரக் கிழவர் உன் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை.

"என்ன மச்சான், பெரியவர் உன்னைப் பொண்ணு கேக்குறாரா? ஜாதகம் கொண்டு வரட்டுமா?" என்றேன்.

பக்கத்தில் நின்ற நம் ஆட்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கிழவர் நீ நீட்டிய பணத்தை எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு, சால்வையை உன் தோளில் போர்த்தினார்.

"என்னத்தடா அழுத்துனே, இவ்வளவு சல்லிசா குடுத்துட்டாரு?"

"சும்மா வாடா."

அந்த வெயிலில் நீ சால்வையைக் கழற்றவே இல்லை. "வாங்குனது மவளுக்கா, உனக்கா?" என்று வழியெல்லாம் கேலி செய்துகொண்டே வந்தேன்.

டாக்டரைத் தாண்டி ஏறிவிட்டாய். சால்வை ஊர் போய்ச் சேர்ந்தது. உன்னை வழியிலேயே சுரம் கொண்டுபோக, கடலில் விட்டார்களாம். கூட ஏறியவன் திரும்பி வந்து சொன்னான்.

உன் கையைப் பிடித்தவர் ஏன் விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கிழவரிடம் ஓடினேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் கத்தினேன்.

"அவன் கை நெருப்பாக இருந்தது. சொல்லாதே என்று என் விரல்களை இறுக்கிக் கெஞ்சினான். துணிக்குள் பேசியதை நாங்கள் வெளியே சொல்வதில்லை" என்றார்.

அதன் பிறகும் என் வாய் அடங்கவில்லை, உனக்குத் தெரியாததா? ஆனால் யாரைக் கேலி செய்தாலும் முதலில் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"என்னண்ணே, ரேகை பாக்குறீங்களா?" என்கிறார்கள்.

"ஆமாண்டா, உனக்கு ரெண்டு பொண்டாட்டி" என்கிறேன்.

அவர்கள் கை குளிர்ந்துதான் இருக்கிறது. விட்ட பிறகு என் உள்ளங்கை மட்டும் சுடுகிறது, மச்சான்.