உன் அப்பாவுக்கு நான் சொன்ன ஜெபம்

அன்பு மகள் யிஸ்காவுக்கு அம்மா ஓர்னா எழுதுவது. நானும் உன் தங்கை ஹோதயாவும் இங்கே சுகம், டொராண்டோ குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவன் துணை. எலுமிச்சை இந்த வருஷம் தாறுமாறாகக் காய்த்துக் கிடக்கிறது, ஊறுகாய் போட ஜாடி போதவில்லை.

அப்பாவின் வருஷ நினைவு நாளில் கல்லறையில் நடந்ததை ஹோதயா போனில் அரைகுறையாகச் சொல்லியிருப்பாள், முழுசாக நான் சொல்கிறேன். அடக்கத்தன்று பெண்கள் என்று எங்களைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, மனைவியும் பெற்ற மகளும் இருக்க, இறந்தவருக்கான காதிஷ் ஜெபத்தை முன்பின் தெரியாத யாரோ ஓர் ஆணைச் சொல்ல வைத்தார்களே, அது எனக்கு ஆறவே இல்லை. இந்த முறை நானே சொல்வது என்று முடிவுகட்டி, பெண்கள் சங்கத்து வக்கீலோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, எங்களைத் தடுக்கக் கூடாதென்று உத்தரவும் வாங்கிவிட்டோம். கல்லறையை நடத்துகிற அடக்கச் சங்கத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "தாராளமா சொல்லுங்கம்மா, ஆனா பத்து ஆம்பளை இல்லாம காதிஷ் கிடையாது, நான் இவங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்று வந்திருந்த ஆண்களை வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். உன் சித்தப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போய்விட்டார். ஹோதயா விடுவாளா, "எட்டுப் பொம்பளைங்க நிக்கிறோமே, நாங்க யூதர் இல்லையா?" என்று போகிறவர்கள் முதுகைப் பார்த்துக் கேட்டாள். நாங்களும் சங்கத்துப் பெண்களுமாக எட்டு, போகாமல் நின்ற வக்கீலின் கணவரோடு ஒன்பது பேர், பத்துக்கு ஒருவர் குறைவு. திரும்பிப் பார்த்தால், அப்பாவோடு தினமும் பகடை ஆடுவாரே சாசோன், அவர் போகாமல் நிற்கிறார். பெண் உரக்க ஜெபித்தால் காதைப் பொத்திக்கொள்கிற அதே சாசோன். "ஓர்னா, நீ செய்யறது எனக்குத் துளிகூடச் சம்மதமில்ல, ஆனா என் சிநேகிதன் எல்கானாவை விட்டுட்டுப் போக என்னால ஆகாது" என்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "எண்ணிக்கையை நாங்க பார்த்துக்கறோம், நீங்க நின்னா போதும்" என்றேன்.

பிறகு சொன்னேன். முதல் வரியில் குரல் உடைந்தது, அப்புறம் ஏறிவிட்டது, வாசல்வரை கேட்டிருக்கும். முடித்ததும் சாசோன் திரும்பாமலே "ஆமென்" என்றார், மற்ற எல்லாரையும்விடச் சத்தமாக.

வெளியே வரும்போது அடக்கச் சங்கத்துக்காரர், "சரி, இது இன்னையோட முடியட்டும்" என்றார். "அடுத்த வாரம் பக்கத்துத் தெரு யோகெபெத் புருஷனுக்கு முப்பதாம் நாள், அவ கூப்பிட்டிருக்கா, நாங்க எல்லாரும் வர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நம் ஆதித் தாய்மார் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாளைப் போல ஆண்டவன் உன்னையும் ஆக்குவாராக. தைராய்டு மாத்திரையை விட்டுவிடாதே. உன் சின்ன மகளுக்கு இப்போதே காதிஷ் சொல்லிக்கொடு, நாளைக்கு எனக்குச் சொல்ல அவள் வர வேண்டும்.

உன் அம்மா,
ஓர்னா