ஆளைத் தள்ளிய ஆஷ் மரத்தின் விறகைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
லைல் திபோடோ
(ரென்னி வார்டுவெல்லின் மனைவிக்குத் தாய்மாமன்),
பழைய பால்பண்ணைச் சாலை,
நார்த் பெல்டன், வெர்மான்ட்.

பெறுநர்:
திருமதி வினிஃப்ரெட் ஸ்டோடார்ட் அவர்கள்,
நகர மன்றத் தலைவர்,
நார்த் பெல்டன்.

பொருள்: நகர மர அலுவலர் திரு. கேலார்டு புரூட் ரென்னியின் முற்றத்திலிருந்து ஏற்றிச் சென்ற ஆஷ் விறகை, இந்தக் குளிர் முடிவதற்குள் திருப்பித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இவ்வளவும் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். மரம் ஒடியும் என்றேன். ஆள் விழுவான் என்றேன். அவன் விழுந்த பிறகு விறகில்தான் சண்டை வரும் என்றேன். கடைத்தெருவில் காபி குடிக்கும் எவரையும் தாங்கள் விசாரிக்கலாம். நான் சொல்லி நடக்காமல் போனது எதுவும் யாருக்கும் நினைவில்லை. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் என்பதால், இம்மனுவை வக்கீல் வைக்காமல் நானே எழுதுகிறேன்.

2. என் அக்காள் மகள் கொலெட்டின் கணவன் ரென்னி, மரம் ஏறிக் கிளை கழிப்பவன். அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு இரும்பு அடுப்பு. எண்ணெய்க் கொதிகலன் கிடையாது, எரிவாயு கிடையாது. பிறர் வீட்டுக் கூரைமேல் சாய்ந்திருக்கும் மரத்தை வெட்டிக் கொடுத்து, அதன் கட்டைகளை வண்டியில் போட்டு வருவான். அந்த வீட்டாருக்கும் முற்றம் சுத்தமானதில் சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டுக்கு அனல் இப்படித்தான் வருகிறது.

3. சென்ற இலையுதிர் காலத்தில் மில் சாலையோரத்து ஆஷ் மரத்தில் ரென்னி ஏறினான். வண்டு அரித்து, நின்றபடியே செத்துக் காய்ந்த மரம். மற்ற மரம் என்றால் பிளந்து ஒரு வருஷம் காயப்போட வேண்டும். செத்த ஆஷ் அன்றைக்கே எரியும். அவ்வளவு காய்ந்திருப்பதால்தான் ஆள் பாரமும் தாங்காது. கிளை ஒடிந்தது. தேவாலயக் கோபுர உயரத்திலிருந்து விழுந்தான் (கோபுரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்). முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அவனுக்கு இப்போது எந்தச் சேதியும் போய்ச் சேருவதில்லை.

4. மரவேலைக்காரர்களிடையே பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஆளைத் தள்ளிய மரம் அந்த ஆளுக்கே சொந்தம். அதன் கடைசிச் சுள்ளி வரை அவன் அடுப்புக்குத்தான் போகவேண்டும். கியூபெக்கிலிருந்து என் பாட்டனாருக்குப் பாட்டனார் கொண்டுவந்த வழக்கம் இது. இதன்படி, ரென்னியின் குழுத் தலைவர் டுவைட்டும் அவர் ஆட்களும் அந்த மரத்தை முழுக்க வெட்டிப் பிளந்து, அவன் வீட்டு முற்றத்தில் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கிக் கொடுத்தார்கள். கூலி வாங்கவில்லை. கொலெட் கொடுத்த சூப்பைக்கூட நின்றுகொண்டே குடித்தார்கள்.

5. முதல் பனி விழுந்த வாரம் திரு. கேலார்டு புரூட் லாரியோடு வந்தார்.

"யோவ் லைல், ரோட்டோர மரம் டவுனோட மரம். வழக்கமாம் வழக்கம்! எங்க எழுதி வச்சிருக்கு? காட்டு பாப்போம்" என்றார்.

"சார், உள்ள ஆள் படுத்திருக்காரு. இது போச்சுன்னா எங்களுக்கு வேற வெறகே இல்ல" என்றாள் கொலெட்.

அதற்கு அவர் சொன்னதை ஒரு எழுத்தும் கூட்டாமல் எழுதுகிறேன்: "இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லன்னு ஊரே சொல்லுது. அப்புறம் காலுக்கு ஏதும்மா குளிரு? மேல்பாதிக்கு ஒரு கம்பளி பத்தாது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளிருந்து ரென்னி கத்தினான்: "கேலார்டு! பாதி ஆளுக்குப் பாதி வெறகாவது வச்சிட்டுப் போய்யா!"

ஒரு கட்டையும் வைக்கவில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பார்த்தவர்கள் மறுக்கலாம்; பனி கொட்டியதில் அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

6. மறுநாள் "கட்டைக்குக் கட்டை குடுத்தாச்சு, இனி டவுன் மேல பழி சொல்லாத" என்று ஒரு லாரி பாப்லர் கட்டையைக் கொட்டினார்கள். அதே வாரத்தில் வெட்டிய பச்சை மரம். அடுப்பில் வைத்தால் இரு நுனியிலும் நுரை தள்ளிச் சீறுகிறது. வீடு முழுக்கப் புகை. புகைபோக்கிக்குள் தார் படிந்து ஒரு தடவை தீயும் பிடித்தது. ரென்னி மட்டும் படுத்தபடி, "அடுப்பு அழுவுது பாருங்க மாமா. கொலெட்டு, அதுக்கு ஒரு கைக்குட்டை குடு" என்றான்.

பிறகு சாப்பாட்டு மேசையின் நாற்காலிகளை உடைத்து எரித்தோம். கொலெட் தயங்கினாள். "போடுடி. எனக்குத்தான் சக்கரம் வச்சதே தனியா வந்திருச்சே" என்றான்.

புத்தாண்டு கழிந்த ஒரு விடியற்காலையில் கம்பளி அவன் காலிலிருந்து விலகிவிட்டது. அடுப்பும் அணைந்திருந்தது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கொலெட் காலுறை மாற்றும்போதுதான் பார்த்தாள். இடது காலில் இரண்டு விரல் குளிரில் உறைந்து கறுத்திருந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் பாதத்தையே எடுக்கவேண்டி வரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலுக்கு ஏது குளிர் என்று திரு. புரூட் கேட்டதற்கு அந்த இரண்டு விரல்களே பதில்.

7. எங்கள் ஆஷ் விறகு நகராட்சிக் கிடங்கில் பாதிதான் இருக்கிறது. மீதி எங்கே என்று நானே துப்பறிந்தேன். ஏரி உறைந்ததும் திரு. புரூட் பனிமேல் நிறுத்தும் மீன்பிடிக் குடிசைக்குப் போனேன். புகைக்குழாயில் புகையே இல்லை. வெறும் கானல்தான் ஆடியது. நன்றாகக் காய்ந்த விறகு அப்படித்தான் எரியும். கதவைத் திறந்தால் மனிதர் உள்பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். (விசிறி இல்லை, தொப்பி. ஆனால் விசிறிக்கொண்டிருந்தார்.)

"வா லைல், உள்ள வந்து கொஞ்சம் காஞ்சுக்க. உன் வெறகுதான்" என்றார்.

நான் உள்ளே போகவில்லை.

8. ஆகவே, கிடங்கில் மீந்திருக்கும் ஆஷ் கட்டைகளை உடனே ரென்னியின் முற்றத்தில் சேர்க்கவும், எரித்த பங்குக்கு ஈடாகக் காய்ந்த விறகே தரவும் (ஈரக் கட்டை வேண்டாம்), திரு. புரூட் அந்த வீட்டுப் படுக்கையருகே வந்து நின்று தான் சொன்னதைத் திரும்பச் சொல்ல முடியுமா என்று கேட்கவும் உத்தரவிடும்படி வேண்டுகிறேன்.

9. கடைசியாக ஒன்று. வழக்கத்துக்கு ஆதாரம் என்ன என்று திரு. புரூட் எழுத்தில் கேட்டிருக்கிறார். டுவைட்டின் ஆட்கள் வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள். அவர்களை அழைக்க வேண்டாம். நான்காம் பத்தியில் எழுதிய வழக்கம் இந்த ஊரிலோ கியூபெக்கிலோ கிடையாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நான்தான் அதை உண்டாக்கிச் சொன்னேன். அந்தக் கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. இப்போது அது பரவிவிட்டது. போன வாரம் பக்கத்து ஊரில் ஒருவன் பைன் மரத்திலிருந்து விழுந்து செத்தான். வழக்கம் என்று சொல்லி அந்த மரத்தை அவன் மனைவி வாசலில் அடுக்கிவிட்டார்களாம். அதைப் பார்க்க மாட்டாமல் அந்த அம்மாள் பின்கதவு வழியாகத்தான் போய் வருகிறார். அதையும் நான்தான் செய்திருக்கிறேன். வழக்கம் என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே படித்து, விறகை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: நார்த் பெல்டன்
நாள்: ஜனவரி 29

இங்ஙனம்,
(ஒப்பம்)
லைல் திபோடோ