சிவப்பு நூல் பூப்போட்ட தலையணை உறை

ஷார்ஜா, மார்ச் 2001

அன்புள்ள ஜன்னத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் அத்தாவையும் அல்லா நல்லபடியா வைக்கணும். அத்தாவுக்கு மூட்டுவலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இந்த லாண்டரியே என் கையில்தான் ஓடுது. பூவேலை செய்த துணின்னா ஷேக் வீட்டிலேயே "நசீருதீனைக் கூப்பிடு" என்கிறார்கள்.

நீ பூப்போட்டுக் கொடுத்த தலையணை உறைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. என்கூட ரூமில் இருக்கிற அல்தாப் நல்ல மனசோடுதான் தன் துணியோட அதையும் சேர்த்து வெந்நீரில் ஊறப்போட்டான். சிவப்பு நூல் சாயம் விட்டு வெள்ளைத்துணி முழுக்கப் பரவிடுச்சு. "மாமா, லாண்டரி ராஜா வூட்டுத் துணியே போச்சே!" என்று சிரிக்கிறான். நான் விடுவேனா? காயவிடாமல் பச்சைத் தண்ணியில் அலசிக்கிட்டே இருந்தேன், தண்ணி தெளியும்வரை எழுந்திருக்கலை. அப்புறம் தடித்த துண்டு விரித்து, பூவைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமா இஸ்திரி போட்டேன். செடியில் நிக்கிற மாதிரி பூ எழும்பிடுச்சு. ஷார்ஜாவே வந்து பார்த்துட்டுப் போச்சுன்னு வச்சுக்க.

உன் தலை எண்ணெய் வாசம் மட்டும் போயிடுச்சு. அதுக்கு என்கிட்ட வழியில்லை.

அதனால அடுத்த உறை தைச்சு முடிச்சதும், பென்சில் கோடு தெரியுதே, கை அழுக்கு இருக்கேன்னு அலசிடாதே. கொஞ்ச நாள் நீ தலைக்கு வச்சுப் படுத்துட்டு, லப்பைக்குடிக்காட்டுக்கு லீவில் வந்திருக்கிற அனஸ் திரும்பும்போது அப்படியே கொடுத்துவிடு. துவைக்கிறதை இங்கே இருக்கிற எக்ஸ்பர்ட் பார்த்துக்குவான். அவனுக்கு அவசரமில்லை.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்குது, ஓடுறேன்.

உன் நசீருதீன்