இல்லாத விதிக்கு இரண்டு அடி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அப்பாவின் இடது முழங்கால் நீங்கலாக. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நீ அழுவாய், நான் குரலை உயர்த்துவேன், உன் அப்பா நடுவில் போனைப் பிடுங்கி "அங்க மழையா?" என்று கேட்பார். விஷயம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். எழுதினால் நான் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது.

உன் விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. நான் வந்து ஒரு வருடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வராவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாய். "உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?" என்று வேறு கேட்டாய். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

முதலில் கிளப் சமாச்சாரம். அம்மா இந்த வயதில் கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று உன் தம்பி சிரித்தான். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் புதுப் பைத்தியம்?" என்றான். புதுசு ஒன்றும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே நான் ஆடியவள். இதை உங்கள் இருவரிடமும் யாரும் சொன்னதில்லை.

நான் ஆலை அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஆலைக்குச் சொந்தமான கோல்ஃப் மைதானம் என் ஜன்னலுக்கு நேர் எதிரே. தட்டச்சுக்காரிக்கு ஆடச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. மேலாளரின் மனைவி கழித்துப்போட்ட மட்டை ஒன்று கிடைத்தது. பார்த்தேன், அடித்தேன், தப்பாகப் போனது, மறுபடி அடித்தேன். விதிப் புத்தகத்தை மட்டும் ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்தவர்கள் உண்டு. விதியில் ஒருவரும் இல்லை. உன் அப்பா என்னை முதலில் பார்த்ததே அங்கேதான். பந்தைச் செருப்பால் லேசாக நகர்த்தினார். நான் தூரத்திலிருந்து அதட்டினேன். அப்படித்தான் அறிமுகம்.

நீ பிறந்ததும் மட்டைகள் பரணுக்குப் போயின. பிறகு உன் தம்பி. பிறகு என் மாமியார் படுக்கையில் விழுந்தார். உன் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் தவறவிடவில்லை. குறை சொல்லவில்லை, நடந்ததை எழுதுகிறேன். அவர் காலுறையில் ஒட்டி வரும் புல் விதைகளைப் பிடுங்குவது என் வேலை. எந்தக் குழியில் பந்து எங்கே போனது என்று சாப்பிட்டபடியே சொல்வார். எங்கே அடித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

போன வருடம் அவர் முழங்கால் போனது. இனி ஆடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கிளப் வராந்தாவில் உட்கார்ந்து மற்றவர்களுடைய ஆட்டத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார். நான் பரணில் ஏறினேன். மட்டையின் பிடியில் இருந்த ரப்பர் உருகிப் பிசினாகக் கையில் ஒட்டியது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். அந்த வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை.

கிளப்பில் இப்போது ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். என் கையைப் பார்த்தவுடன், "மேடம், துடைப்பம் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க, விரலைக் கோத்துப் பிடிங்க" என்றார். துடைப்பம் பிடித்துப் பிடித்துத்தான், தம்பி, இந்தக் கையில் இன்னும் தெம்பு இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் வருவதில்லை. நல்லதுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மூத்த பெண்களுக்கு ஓர் அணி அமைத்தார்கள், பக்கத்து ஊர்க் கிளப்போடு ஆட. ஓர் இடம் தவிர மற்றவை நிரம்பிவிட்டன. அந்த ஓர் இடத்துக்கு நானும் இன்னொருத்தியும் ஆட வேண்டும். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் அவள். எந்நேரமும் வெள்ளைத்தொப்பி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் வெள்ளைத்தொப்பிதான். என்னைவிடச் சில வயது இளையவள். வாய் ஓயாது. "அக்கா, நீங்க பேசாம ஆடறதைப் பாத்தா எனக்கு நடுக்கமா இருக்கு, திட்டவாவது திட்டுங்களேன்" என்பாள்.

உனக்கு இந்த ஆட்டம் தெரியாது. ஆகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறைவான அடிகளில் பந்தைக் குழிக்குள் போடுபவர் ஜெயிப்பார். நடுவர் என்று ஒருவர் கூடவே வருவதில்லை. என் கணக்கு அவள் கையில், அவள் கணக்கு என் கையில். தப்புச் செய்தால் செய்தவரே வாயைத் திறந்து சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே அதுதான். வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை.

கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். மழை பிடித்துக்கொண்டது. அவள் ஐந்து அடியில் முடித்தாள். நான் மூன்று அடியில் கிரீனுக்கு வந்துவிட்டேன். கிரீன் என்றால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல். குழி தூரத்தில் இருந்தது. என் கண்ணாடியெல்லாம் தண்ணீர். குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பை எடுக்கச் சொல்ல மறந்து அடித்துவிட்டேன். பந்து வேகமாகப் போய்க் கம்பில் 'டக்'கென்று மோதி உள்ளே விழுந்தது. வெள்ளைத்தொப்பி குடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். "அக்கா, நாலு! இடம் உங்களுக்குத்தான்" என்றாள், தோற்றவள்.

ஆறு போடு என்றேன். என் மனப்பாடம் அப்படி. கிரீனிலிருந்து அடித்த பந்து கொடிக்கம்பில் பட்டால் தண்டம் இரண்டு அடி. "ஐயோ அக்கா, அது அந்தக் காலம். அந்த ரூலை எடுத்து வருஷக்கணக்காச்சு, கம்பு இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றாள். எனக்கு அவள் விட்டுக்கொடுப்பதாகப் பட்டது. வயதானவள், பாவம், எடுத்துக்கொள்ளட்டும் என்று. யாருடைய பாவமும் எனக்கு வேண்டாம். விதி எனக்குத் தெரியும், நீ பல்லைப் பார் என்று சொல்லிவிட்டேன். "உங்க இஷ்டம்" என்று ஆறு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். கணக்கு எழுதிய கார்டைக் கொடுத்தாயிற்று.

கிளப் செயலாளர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அலமாரியிலிருந்து புதிய விதிப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் திறந்து வைத்தார். அவள் சொன்னதுதான் சரி. கம்பில் பட்டால் இப்போது ஒன்றுமே இல்லை. ஆனால் கையெழுத்திட்டுக் கொடுத்த கணக்கு கூடுதலாக இருந்தால் கூடுதலாகவே நிற்கும். குறைத்து எழுதியிருந்தால் வெளியேற்றுவார்கள். தனக்குத் தானே கூட்டி எழுதிக்கொண்டவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. இடம் அவளுக்குப் போனது. நான் மாற்று ஆட்டக்காரி, யாருக்காவது முடியாமல் போனால் ஆட.

உன் அப்பா வராந்தாவில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இல்லாத விதிக்கு ரெண்டு அடி வாங்கிட்டு வந்த ஒரே ஆளு நீதான்டி. அதையும் கேட்டு வாங்கியிருக்க!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை வெள்ளைத்தொப்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். தான் விலகிக்கொள்வதாகச் சொன்னாள். கையெழுத்து என்னுடையது, போய் ஜெயித்துவிட்டு வா என்றேன். எவ்வளவோ பேசிப் பார்த்தாள். கடைசியில், "உங்க வைராக்கியத்துக்கு ஒரு பல்லு இருந்தா நான் எப்பவோ புடுங்கியிருப்பேன் அக்கா" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனாள். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

அவள் போனதும் உன் அப்பா பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார். தானே தூசி தட்டித் துடைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எதையும் துடைத்து நான் பார்த்ததில்லை. "டீம்ல இல்லைன்னு ஆயிடுச்சு, இனி உனக்கு இங்க என்ன வேலை? பொண்ணு கூப்பிடறா, அவ வேலையை விட்டா நல்லாவா இருக்கும்? கிளம்பு" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். பிறகு கிளப்புக்குப் போய்விட்டார்.

நான் செயலாளரிடம் வாங்கி வந்த புதிய விதிப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்திலிருந்து. நிறைய மாறியிருக்கிறது. பந்தைக் கையிலிருந்து கீழே போட வேண்டி வந்தால் தோள் உயரத்திலிருந்து போடச் சொன்னவர்கள் இப்போது முழங்கால் உயரத்திலிருந்து போடச் சொல்கிறார்கள். காணாமல் போன பந்தைத் தேடும் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். இதையெல்லாம் எப்போது மாற்றினார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. படித்து முடித்து எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, உன் அப்பாவின் சட்டைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

சாயங்காலம் வந்தவர் பெட்டியைப் பார்த்து, "உன் பெட்டியில என் சட்டை எதுக்கு?" என்றார். போவது நீங்கள்தான் என்றேன். நின்றவர் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு என்னடி தெரியும்? நம்ம ரெண்டு பிள்ளைங்களையே நான் தூக்கினதில்லை, கீழ போட்டுடுவேனோன்னு பயம்" என்றார். எனக்கு மட்டும் யார் வகுப்பு எடுத்தார்கள் என்று கேட்டேன். முழங்காலைக் காட்டினார். குழந்தை இன்னும் நடக்கவில்லை, துரத்த வேண்டியதில்லை என்றேன். பெட்டியின் மூடியைச் சாத்தினார், மறுபடி திறந்தார். பிறகு மெதுவாக, "அது ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. போய்த் தெரிந்துகொள்ளுங்கள் என்றேன்.

ஆக, சனிக்கிழமை விமானத்தில் அப்பா வருகிறார். நான் வரவில்லை. மாற்று ஆட்டக்காரியும் காலைப் பயிற்சிக்குப் போக வேண்டும், போவேன்.

நீ கோபப்படுவாய். படு. தாய் இப்படியும் இருப்பாளா என்று மாப்பிள்ளை கேட்பார். கேட்டால், இரவுப் பால் புட்டி இனி அவருடைய முறை என்று நான் சொன்னதாகச் சொல். அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை காலையில் ஒன்று, மறந்துவிடுவார். குறட்டை விடுவார், குழந்தைக்கு அது பழகிவிடும். முதல் வாரம் எல்லாவற்றையும் தப்பாகச் செய்வார். கூடவே நின்று திருத்தாதே. கையிலிருந்து வாங்கிவிட்டால் திரும்பக் கொடுக்கத் தோன்றாது.

உன் அலுவலகத்தில் நீ வரைந்த பாலத்தின் படத்தை ஒருமுறை அனுப்பினாய். ஆற்றின் நடுவே தூணே இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நீ நேரில் வரும்போது விளக்கிச் சொல். சொல்லும்போது நீ அந்த வேலையில் இருக்க வேண்டும்.

உனக்கும் குழந்தைக்கும் என் ஆசி எப்போதும் உண்டு. நீ வேலைக்குத் திரும்பும் முதல் நாள் குழந்தை அழும். அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு, அதைவிட மோசமான முகத்தோடு வாசலில் நிற்பார். நீ நடந்து போய்ப் பேருந்தில் ஏறு. ஏறி உட்கார்ந்த பிறகு அழ வேண்டுமென்றால் நன்றாக அழுதுகொள். அடுத்த நிறுத்தத்தில் மட்டும் இறங்கிவிடாதே, கண்ணு.

உன் அம்மா