வேட்டைக்கு ஒரு வேட்டி

வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், நோர்வேயின் புருசெத் ஊரிலுள்ள வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் நேசன் மனைவிக்கு ஒட்டிவிட்டுப் போனது:

வதனி,
புட்டு மூடி வைச்சிருக்கு.

நேற்றுச் சுட்டுப் பழகேக்கை "வெடிமருந்து இன்னும் கூடப் போடும்" எண்டவைக்கு நீர் மசியேல்லை. எண்பது கிரெயின் எடை மட்டும் போட்டு, மூண்டு குண்டையும் இலக்கிலை உள்ளங்கை அளவுக்குள்ளை இறக்கினீர். குழாய் வாயாலை மருந்து இடிச்சு நிரப்பிற உம்மடை புது இடியன் துவக்கை நோர்வேக்காரர் வாய் பிளந்து பார்த்தவை. நான்தான் புருசன் எண்டு எல்லாருக்கும் சொன்னனான்.

துவக்குக் குழாய் துடைக்கக் கேட்ட பருத்தித் துணி மேசையிலை. ஓம், தரமாட்டன் எண்டு சண்டை பிடிச்ச அதே வேட்டி, உம்மைப் பொம்பிளை பார்க்க வரேக்கை கட்டினது. சுடு சவர்க்காரத் தண்ணியாலை துடைச்சுப்போட்டு எண்ணெய் பூசும்.

பி.கு.: சிவப்புக் கரையைத் தனியா வெட்டி வைச்சிருக்கிறன். எல்க் மான் வேட்டைக்குப் போகேக்கை தொப்பியிலை கட்டும். காட்டுக்குள்ளை ஆரும் உம்மை மானெண்டு நினைச்சிடக் கூடாது. பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு அந்தப் பிழையை நான் ஒருத்தன் விட்டது காணும்.