பெயர் தைக்காத கொடி

அன்புள்ள அத்தான்,

நீங்கள் இருக்கும் பனிமலையில் டவர் இல்லாததால் எழுதுகிறேன். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. இலஞ்சி வரைக்கும் சாரல்.

கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்யும் என்னிடம், பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் நாடகத்துக்காக இரண்டு கொடி கேட்டார். இரண்டுமே நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் கொடிகள். ஒன்று பட்டாளத்துடையது. அவர்கள் ஜெயித்த சண்டைகளின் பெயர்களைத் தங்க ஜரிகையில் வரிசையாகத் தைக்க வேண்டும். மற்றது ஊர்க்காவல் படையுடையது. அதில் சண்டைப் பெயர் ஒன்றுகூட இல்லை.

அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இது என்னட்டி, மொட்டையா இருக்கு? எம்மவன் பட்டாளத்துக் கொடியில பேரா நெறஞ்சு கெடக்கும்லா" என்றார்கள்.

"இவுக சண்டைக்கே போகலயாம் அத்தை. ஊரைக் காவல் காத்துட்டு, சாயங்காலம் சாப்பிட வீட்டுக்கு வந்துருவாவளாம்."

அத்தை கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அந்த வெறும் பட்டுத் துணியை மெதுவாகத் தடவிக் கொடுத்தார்கள். பிறகு, "இதையே மொதல்ல முடிட்டி" என்றார்கள்.

முடித்துவிட்டேன். அனுப்பத்தான் மனசு வரவில்லை. கட்டிலில் நீங்கள் படுக்கும் பக்கம் விரித்து வைத்திருக்கிறேன்.

சாரல் நிற்பதற்குள் வந்துவிடுங்கள். பெயர் ஒன்றும் வேண்டாம்.

இங்கன காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி